கள்ளிக்கு ஓர் இடம்

தமிழ் கற்பிப்பவர்கள் செடிகொடிகளைப் பெரும்பாலும் பெயரால் மட்டுமே அறிந்தவர்கள். குறிஞ்சிப்பாட்டின் மலர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். அவற்றுள் நாலைந்தையாவது வேலியோரத்தில் காட்டுங்கள் என்றால் விழிப்போம். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் குறுந்தொகையின் பதினாறாம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டு. வழிப்பறிக் கள்வர் அம்பின் முனையை நகத்தில் புரட்டிப் பார்க்கும் ஓசையைப் போலப் பல்லி தன் துணையை அழைக்கிறது. அந்தக் கள்ளிக்காட்டைக் கடந்து போனவர் நம்மை நினைக்கமாட்டாரா என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். ஒரு மாணவி எழுந்து, "கள்ளின்னா எந்தக் கள்ளிங்க ஐயா?" என்றாள். பல ஆண்டுகளாக நடத்திவந்த பாட்டு. விடை தெரியவில்லை.

இங்கு 'நாங்கள்' என்பது எவரெவர் என்று சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் இருவர் கல்லூரியில் பாடம் நடத்துகிறோம். ஒருவர் தமிழ்; மற்றவர் தாவரவியல். எழுதும் கை தமிழ் நடத்துபவருடையது. செடியைப் பற்றிய செய்திகளில் பிழை இல்லாதிருந்தால் அதன் பெருமை மற்றவருக்கு. அந்த மாணவியின் கேள்வி அன்று மாலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. அங்கிருந்து மொட்டைமாடிக்குப் போயிற்று.

தமிழில் கள்ளி என்பது ஒரு செடியின் பெயரன்று. ஒரு கூட்டத்தின் பெயர். நான்கு பட்டையாக முள்ளோடு நிற்பது சதுரக்கள்ளி. நுனியில் சதைப்பற்றான இலைகளை விடுவது இலைக்கள்ளி. இலையே இல்லாததுபோல் பென்சில் பருமனில் பச்சைக் குச்சிகளாகக் கிளைத்துக் கிளைத்துப் போவது கொம்புக்கள்ளி. திருகுகள்ளி என்றும் அதைச் சொல்வார்கள். இவை மூன்றும் ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். வட்ட வட்டமாக அடை தட்டியதுபோல் நிற்கும் சப்பாத்திக்கள்ளிக்குப் பெயரில் மட்டுமே உறவு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த வேறு குடும்பம். கிள்ளினால் பால் வடியாது, வழவழப்பான நீர்தான் கசியும். ஆகவே சங்கப் புலவர்கள் கண்ட கள்ளி சப்பாத்திக்கள்ளியாக இருக்க வழியில்லை. சதுரக்கள்ளியையோ இலைக்கள்ளியையோ எண்ணிக்கொள்வதே பொருத்தம்.

அப்படியானால் நம் ஊர் வேலிகளில் நிறைந்திருக்கும் கொம்புக்கள்ளி? இங்கேதான் ஒரு வேடிக்கை. அதன் தாயகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியலார். ஆனால் உலகம் அதை அழைப்பது நம் பக்கத்துப் பெயரால். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. மலபார்க் கரையின் செடிகளை உள்ளூர்ப் பெயரோடும் படத்தோடும் பதிந்த நூல் அது. அதில் 'திருகள்ளி' என்று இருந்ததை எடுத்து லின்னேயஸ் 1753-இல் 'யூபோர்பியா திருகல்லி' என்று பெயர் சூட்டினார். ஆக, அந்நிய மண்ணின் செடி ஒன்று, நம் மொழிக் குடும்பத்தின் பெயரைச் சூடிக்கொண்டு உலகம் சுற்றுகிறது. மெல்வின் கால்வின் என்ற வேதியியலாளர், 1961-இல் நோபல் பரிசு பெற்றவர், இதன் பாலில் இருக்கும் ஹைட்ரோகார்பன்களைக் கண்டு இதை எரிபொருள் பயிராக்கலாம் என்று எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் முயன்றதும் உண்டு. வேலியில் ஆடுகூட வாய்வைக்காத செடிக்கு இத்தனை வரலாறு.

இவ்வளவும் படித்தபிறகு அதை வீட்டில் வளர்க்காமல் இருக்க முடியுமா? ஊருக்குப் போகும் வழியில் தெரிந்தவர் தோட்டத்து வேலியில் அவரிடம் கேட்டு ஒரு கொம்பு ஒடித்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தோம். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா பொட்டலத்தைப் பார்த்தார். பிரித்துக் காட்டினோம். "அதெல்லாம் வீட்டுக்கு ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டு, கீரையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்களுக்கு அது மூடநம்பிக்கையாகப் பட்டது. புறநானூற்றில் சுடுகாட்டுக்கு அடையாளமாகக் கள்ளி வருவதையும், அந்த நினைவு மக்கள் மனத்தில் இன்றும் தங்கியிருப்பதையும் இரவு சாப்பாட்டின்போது அம்மாவுக்கே விளக்கினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மோர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

*

வளர்க்க விரும்பும் நண்பர்களுக்காகச் செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். மொட்டைமாடியும் மறதியும் உடையவர்களுக்கு இதைவிட ஏற்ற செடி இல்லை.

ஒரு சாண் நீளமுள்ள, முற்றிய கொம்பாகத் தேர்ந்துகொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு கூரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டுவாயில் பால் பெருகும். அதைத் தண்ணீரில் சிறிது நேரம் பிடித்திருந்தால் பால் நின்றுவிடும். உடனே நட்டுவிடாதீர்கள். நிழலில், காற்றாடும் இடத்தில் ஒரு வாரம் கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து பக்குத் தட்டியபின் நட்டால்தான் அழுகாது. பெரும்பாலோர் தோற்பது இந்த ஒரு வாரப் பொறுமையில்தான்.

தொட்டி மண்தொட்டியாக இருப்பது நல்லது. அதன் பக்கச்சுவரும் ஈரத்தை வெளிவிடும். அடியில் துளை கட்டாயம். இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு செம்மண், அரைப்பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் போதும். வண்டல் மண்ணும் களிமண்ணும் ஆகா. இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் ஊன்றி, சாயாமல் ஒரு குச்சியைத் துணைகொடுத்து, முதல் வாரம் தண்ணீரே விடாமல் வைத்திருங்கள். பிறகு மண் லேசாக நனையும்படி மட்டும். ஒரு மாதத்துக்குப் பின் மெல்ல அசைத்துப் பார்த்தால் பிடிப்புத் தெரியும். வேர் விட்டுவிட்டது என்று பொருள். அதன்பின் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, முழு வெயிலில் வைத்துவிடலாம்.

தண்ணீர் விடுவதற்கு ஒரே விதி: மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், அடிவரை காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள். கோடையில் வாரம் ஒருமுறை என்றால் மற்றக் காலங்களில் அதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிட வேண்டும். வெயில் இதைக் கொல்லாது. தேங்கிய நீர் கொன்றுவிடும். அடித்தண்டு கறுத்துக் கொழகொழத்தால் வேர் அழுகல் என்று பொருள். அப்போது தொட்டியைக் காப்பாற்ற முனையாமல், அழுகலுக்கு மேலே நல்ல கொம்பை வெட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்குவதே வழி. கணுக்களில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி வரும். சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். உரம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி போதும். அள்ளிக் கொடுத்தால் தளதளவென்று வளர்ந்து தன் பாரத்தாலேயே ஒடியும். உறைபனி தாங்காது என்பதால் மலையூர்க்காரர்கள் குளிர்காலத்தில் உள்ளே எடுத்து வைக்கவேண்டும்.

இதற்கு இலையே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. இளங்கொம்பின் நுனியில் எள்ளளவாகத் தோன்றிச் சீக்கிரமே உதிர்ந்துவிடும். இலையின் வேலையைப் பச்சைத் தண்டே பார்க்கிறது. அதுவும் விசித்திரமான முறையில். மற்றச் செடிகள் பகலில் திறந்து வைக்கும் நுண்துளைகளை இது இரவில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து, பகலில் கதவடைத்துக்கொண்டு சமைக்கிறது. பகலில் திறந்தால் இருக்கும் ஈரமும் ஆவியாகிவிடும். சேமித்ததை வெளிக்காட்டாமல் இரவில் மட்டும் திறக்கும் இந்தச் செடியைப் பற்றி அப்போது நாங்கள் மிக ரசித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அருகில் யார் இருந்தார் என்பதைக் கவனிக்கவில்லை.

*

இரண்டு ஆண்டுகளில் செடி இடுப்புயரம் வந்துவிட்டது. நிலத்தில் விட்டால் மரமாகவே உயர்ந்துவிடும் இனம். தொட்டியில் அவ்வப்போது கழித்துவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மகள், அவளுக்கு அப்போது பதினான்கு வயது, தானே கழித்துவிடுகிறேன் என்று கத்தரியோடு மாடிக்குப் போனாள். கையுறையை எடுத்துப்போனாளே தவிர, புழுக்கத்தில் பாதியில் கழற்றிவிட்டிருக்கிறாள். வியர்வையைத் துடைத்த கை கண்ணில் பட்டுவிட்டது.

அலறல் கேட்டு நாங்கள் மாடிப்படியில் ஏறுவதற்குள் அம்மா எங்களைக் கடந்து போயிருந்தார். முழங்கால் வலியால் மாடிப்படி ஏறி ஒரு வருடமாகியிருந்தவர். பேத்தியின் கையைத்தான் முதலில் பிடித்தார், கண்ணைக் கசக்கவிடவில்லை. துணி துவைக்கும் குழாயடிக்கு இழுத்துப்போய், தலையைச் சாய்த்துப் பிடித்து, இமையை விரலால் விரித்துக்கொண்டு தண்ணீரை விட்டார். போதும் என்று நாங்கள் சொன்னபோதும் நிறுத்தவில்லை. கால் மணி நேரத்துக்கும் மேலாக அப்படியே நின்றார். அவர் சேலை முழுவதும் நனைந்திருந்தது.

அவர் செய்தது எவ்வளவு சரி என்பது கண் மருத்துவர் சொன்னபோதுதான் தெரிந்தது. இந்தப் பால் கண்ணில் பட்டால் முதலில் செய்யவேண்டியது அதுதான்: தாமதமின்றி, நல்ல தண்ணீரால், நெடுநேரம் கழுவுவது. பிறகு எரிச்சல் குறைந்ததுபோல் தோன்றினாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும்; ஏனென்றால் சில மணி நேரம் கழித்தே வலி கூடி, கருவிழி புண்பட்டுப் பார்வை மங்கும். எங்கள் மகளுக்கும் அன்று மாலை பார்வை மங்கியது. சொட்டு மருந்துகளோடு பத்து நாள் இருட்டறையில் கிடந்தாள். பிறகு பழையபடி தெளிந்தது. செய்முறையில் கையுறையும் கண்ணாடியும் என்று மேலே எழுதியதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்றிரவு மகள் தூங்கியபின், "நாளைக்கே அதைத் தூக்கி எறிந்துவிடுகிறோம் அம்மா" என்றோம். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்துவிட்டுப் பேசினார்.

"எனக்கு எட்டு வயசு இருக்கும்ப்பா. எங்க ஆத்தாளுக்கு நாலாவதும் பொண்ணாப் போச்சு. மூணாம் நாளு எங்க அப்பத்தா என்னையக் கூப்பிட்டு, வேலியில ரெண்டு கொம்பு ஒடிச்சு, சிரட்டையில பாலு பிடிச்சிட்டு வாத்தான்னுச்சு. ஆட்டுக்குப் புண்ணுக்குப் போடத்தேன் கேக்குதுன்னு ஓடுனேன். கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிருச்சு. அந்தக் கையோட கண்ணைத் தொட்டுட்டேன். கத்திக்கிட்டே வந்தேன். சிரட்டைய வாங்கிச் சுவத்தோரம் வச்சிட்டு, எங்க அப்பத்தாதேன் என்னைய மடியில போட்டு, குடம் குடமா ஊத்திக் கழுவி விட்டுச்சு. ரெண்டு கண்ணும் பொழச்சுச்சு. அந்தக் கை..."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து ஒன்று மட்டும் கேட்டோம்: அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தார்களா? "மூணு நாளுப் புள்ளைக்கு ஏதுப்பா பேரு" என்றார்.

*

எங்கள் குடும்பம் மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. அந்தப் பக்கத்தின் கதை நாடறிந்தது. உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக்கொலையைப் பற்றி 1986-இல் ஆங்கில மாதமிருமுறை இதழ் ஒன்று எழுதியபின் அது எல்லோர் வாயிலும் வந்தது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1994-இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. அதே 1994-இல், கருவிலேயே பாலினம் அறிந்து சொல்வதைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஏனெனில் அதற்குள் கள்ளியின் வேலையைக் கருவி எடுத்துக்கொண்டிருந்தது. வேலிக்குப் போய்ச் சிரட்டையில் பிடித்துவர எட்டு வயதுப் பிள்ளை தேவைப்படாத காலம் வந்துவிட்டது.

இவையெல்லாம் எங்களுக்குத் தெரியாதவையல்ல. கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் மகளிர் நாளன்று கவியரங்கம் நடக்கும். பத்துக் கவிதை வந்தால் நான்கில் கள்ளிப்பால் வரும். 'தாய்ப்பாலுக்குப் பதில் கள்ளிப்பால்' என்று மாணவர்கள் கைநீட்டி முழங்குவார்கள், அரங்கம் கைதட்டும். நடுவராக உட்கார்ந்து அவற்றுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறோம். உவமை பழசாகிவிட்டது, புதிதாகச் சொல்ல வேண்டும் என்று அறிவுரையும் வழங்கியிருக்கிறோம். அந்த உவமை பழசாகாத ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். 'வீட்டுக்கு ஆகாது' என்று அவர் சொன்னபோது, ஏன் என்று கேட்கும் எண்ணம் எங்களுக்கு வரவில்லை. மாறாக, அவருக்கு நாங்கள் புறநானூறு நடத்தினோம்.

இலக்கியம் படித்தவர்களுக்கு நேரும் ஒரு குறை இது என்று இப்போது படுகிறது. ஒரு சொல்லுக்கு முன்னோர் எவரெவர் என்ன பொருள் வைத்தார் என்று தேடிப்போவோம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தலைவி எந்தக் கள்ளிக்காட்டை நினைத்து ஏங்கினாள் என்பது எங்களுக்கு ஆய்வுப் பொருள். எதிரே இருப்பவருக்கு அச்சொல் என்னவாக இருக்கிறது என்பது தோன்றுவதேயில்லை.

மறுநாள் காலை தொட்டியைக் குப்பைவண்டியில் ஏற்றிவிடலாம் என்று கீழே இறக்கினோம். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கொண்டுபோறீக?"

சொன்னோம்.

"தூக்கிப் போட்டா அங்கன மொளைக்கும். யாரு புள்ளையாச்சும் தொடும்" என்றார். சற்றுப் பொறுத்து, "செடி என்னப்பா பண்ணுச்சு? ஒடிச்சது நான்தான்" என்றார்.

எட்டு வயதுப் பிள்ளை அறியாமல் செய்தது எப்படிக் குற்றமாகும் என்று அவரிடம் வாதாடிப் பார்த்தோம். ஒடிக்கச் சொன்ன அப்பத்தாவுக்கும், அவரைச் சொல்லவைத்த ஊருக்கும், நாலாவது பெண்ணுக்குச் சீர் செய்ய வழியில்லாத வறுமைக்கும் அதைப் பங்குபிரித்துக் கொடுத்தோம். அவர் கேட்டுக்கொண்டார். ஆறுதல் அடைந்தாரா என்று தெரியாது. அறுபதாண்டு சுமந்ததை இரண்டு பேராசிரியர்கள் ஒரு காலையில் இறக்கிவைத்துவிட முடியும் என்று நாங்களும் நம்பவில்லை.

தாவரவியலும் அவர் பக்கமே நின்றது. வெட்டி எறிந்த கொம்பு கிடந்த இடத்தில் வேர்விடும் இனம் இது. ஆகவே எறியவில்லை. மாடியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மதிலை ஒட்டிச் சிமெண்டு மேடை ஒன்று கட்டி, தொட்டியை அதில் வைத்தோம். கழித்த கொம்புகளை வெறும் கையால் தொடுவதில்லை. வெயிலில் முற்றக் காயவைத்து, பையில் கட்டி அகற்றுகிறோம். எரிப்பதில்லை; அதன் புகையும் கண்ணுக்கு ஆகாது. கத்தரியைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உள்ளே கொண்டுவருகிறோம். கொம்பு கேட்டு வரும் நண்பர்களிடம் முதலில் வீட்டில் சிறு குழந்தைகளோ, நாய் பூனையோ உண்டா என்று கேட்கிறோம். உண்டு என்றால் கற்றாழை தருகிறோம். இல்லை என்றால் கொம்போடு கண் கழுவும் முறையையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறோம். வகுப்பில் குறுந்தொகைப் பாட்டு வரும்போது கள்ளியின் படத்தைக் காட்டுகிறோம். கவியரங்கத்துக்கு நடுவராகப் போவதை நிறுத்திவிட்டோம்.

எங்கள் மகளுக்கு அம்மாவின் கதையை இன்னும் சொல்லவில்லை. சொல்வது அம்மாவின் உரிமை என்று விட்டிருக்கிறோம். தன் கண்ணைப் பாட்டி எப்படிக் காப்பாற்றினார் என்பதை மட்டும் அவள் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார்.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே இருந்தோம். வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"மழை வருதுப்பா. அந்தத் தொட்டிய நகத்தி வச்சீகளா?"

அந்தத் தொட்டி என்றுதான் சொல்வார். செடியின் பெயரை அவர் வாயால் நாங்கள் இதுவரை கேட்டதில்லை. எழுந்துபோய் நகர்த்தினோம்.